வெடிச்சத்தத்துக்கு நாய், பூனையைத் தயார்படுத்துவது எப்படி?

மனிதக் காதுக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரை கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000, பூனைக்குச் சுமார் 64,000. நமக்கு எட்டாத கீச்சொலியும் அவற்றுக்கு எட்டும். சத்தம் எதற்கு, எப்போது நிற்கும் என்பதும் தெரியாது, பாவம். பண்டிகையன்று சாயங்காலம் யோசித்தால் நேரம் போதாது. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

படி 1: சத்தத்துக்குப் பழக்குங்கள்

வெடிச்சத்தப் பதிவு ஒன்றை போனில் மிகமிகக் குறைந்த ஒலியில் ஓடவிடுங்கள். அது ஓடும்போதே பிடித்த தீனியைத் துளித்துளியாகக் கொடுங்கள். 5 நிமிடம் போதும். அலட்டிக்கொள்ளாமல் தின்றால், சில நாள் கழித்து ஒலியைக் கொஞ்சம் கூட்டலாம்.

முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். தூக்கம் வராதபோதும் விடும் கொட்டாவி, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, பின்னுக்கு மடிந்த காது, கையில் நீட்டிய தீனியை வாங்காமல் தலையைத் திருப்புவது எல்லாமே பயத்தின் அடையாளம். உடனே ஒலியைக் குறையுங்கள். இங்கே அவசரப்பட்டால் பயம் கூடத்தான் செய்யும்.

படி 2: பதுங்க இடம்

புது இடம் தேட வேண்டாம். அது வழக்கமாக ஒளியும் கட்டிலடியோ அலமாரி மூலையோதான் சரியான இடம். பழைய போர்வையை விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். பூனைக்கு மணல் தட்டும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படி 3: கழுத்துப்பட்டை

உங்கள் போன் எண் அதில் இருக்க வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால், பதிவில் உள்ள எண் பழையதா என்று பாருங்கள்.

படி 4: டாக்டர்

போன முறை நடுங்கி, எச்சில் வழிந்து, சாப்பிடாமல் கிடந்ததா? 2 வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பதற்றம் குறைக்கும் மருந்துகள் உண்டு. நம் மாத்திரையை மட்டும் தரவே தராதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரை எடுத்துவிடும்.

படி 5: அன்றைக்கு

வெளிச்சம் இருக்கும்போதே, நாயைக் கயிற்றைக் கழற்றாமல் நடத்திக் கூட்டி வாருங்கள். அப்புறம் கதவு, ஜன்னலை மூடி, ஃபேனையோ டிவியையோ ஓடவிடுங்கள். ஒளிந்திருந்தால் இழுக்காதீர்கள். மடியைத் தேடி வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். செல்லம் கொடுத்தால் பயம் வளரும் என்று பலர் சொல்வார்கள், அது உண்மையில்லை. பயத்தில் இருக்கும் உயிருக்கு உங்கள் கையின் சூடு பெரிய ஆறுதல்.

மறுநாள் காலையில் முதலில் நீங்கள் மட்டும் வெளியே போங்கள். வெடிக்காத வெடி, கருகிய காகிதம், கம்பி எல்லாவற்றையும் பெருக்கி அள்ளிவிட்டு, அப்புறம் அதற்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.