வன்முறை பற்றிக் கேட்டு எழுதுவது எப்படி

ஆய்வுக்காக வன்னிக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கேள்வித்தாள் பையிலேயே இருக்கட்டும். கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், "போரில் என்ன இழந்தீர்கள் அம்மா?" என்று ஒரு தம்பி எடுத்த எடுப்பில் கேட்டான். அவர் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டார். அன்று வேறொன்றும் கதைக்கவில்லை.

வீட்டில் உள்ள ஒரு பொருளில் தொடங்குங்கள். அடுத்த முறை நான் மாட்டுக்கொட்டிலில் கிடந்த பழைய தறப்பாளைப் பற்றிக் கேட்டேன். எட்டாய் மடித்து, கயிற்றால் கட்டி வைத்திருந்தார். 2009இல் இடம்பெயர்ந்து போகையில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று அதை எங்கெங்கே கூடாரமாகக் கட்டினார் என்று சொல்லச் சொல்ல இரண்டு மணித்தியாலம் போனது.

அப்புறம், குறிப்புகளை வன்முறையின் வகைப்படி பிரிக்க வேண்டும். நோர்வே சமாதான ஆய்வாளர் யொகான் கால்டுங் 1969இல் நேரடி வன்முறையையும் அமைப்புசார் வன்முறையையும் வேறுபடுத்தினார். 1990இல் இவற்றை நியாயப்படுத்தும் பண்பாட்டு வன்முறையைச் சேர்த்தார். எறிகணை முதலாவது. காணாமல்போன கணவரின் பெயரில் உள்ள காணிக்காக மனைவி வருடக்கணக்கில் அலைவது இரண்டாவது. "விதவை முன்னுக்கு நின்றால் சகுனம் சரியில்லை" என்ற கலியாணவீட்டுப் பேச்சு மூன்றாவது. மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த மூன்றாவதைத்தான். வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியதையும் வாசியுங்கள். காயம் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே என்று காட்டுகிறார்.

அழுதால் பேனாவை மூடிவிடுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அந்த அம்மா இரண்டு வரியை வெட்டச் சொன்னார், வெட்டினேன்.