வெளுத்த கதிரை இழுத்துப் பாருங்கள்

மார்கழிப் பனியும் மப்பும் சேர்ந்தால் யாழ்ப்பாணத்தின் தென்மராட்சி, வலிகாமம் காலபோக (மாரிப் பருவ) நெல்வயல்களில் எரிபந்தம் என்ற பங்கசு (பூஞ்சை) நோய் தலைகாட்டும். வரம்பில் நின்று பார்த்தால் போதாது. இறங்கி இலையைக் கையில் எடுங்கள். இரு முனையும் கூராக, நடுவில் சாம்பலும் ஓரத்தில் கபிலமுமாகக் கண்வடிவப் புள்ளி இருந்தால் யூரியாவை உடனே நிறுத்துங்கள். பயிர் வெளிறுகிறதே என்று இன்னொரு பிடி எறிவது நோய்க்குத்தான் தீனி. நீர் வசதி இருந்தால் வயலைக் காயவிடாதீர்கள்.

வெளுத்த கதிரை மெல்ல இழுங்கள். கையோடு வந்தால் பெரும்பாலும் தண்டுதுளைப்பான் புழு. வராமல், கதிரின் கழுத்து கறுத்திருந்தால் எரிபந்தம். அதற்குப் பூச்சிநாசினி அடிப்பது வீண்செலவு. கழுத்து கறுத்தபின் பங்கசுநாசினியும் அந்தக் கதிரை மீட்காது. ஆகவே இலையில் புள்ளி கண்டவுடனேயே செடியைப் பிடுங்கிச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்க வேண்டாம்.