ஆக்சிடென்ட் நஷ்டஈடு கேஸ்: முதல் நாள்லயே நாம பண்ற தப்புங்க

எங்க சித்தப்பா கேஸ் கட்டுல ஒரு பேப்பர் இருக்கு, ஆஸ்பத்திரியில போடற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், ஏஆர் காப்பினு சொல்வாங்களே அது. அதுல டூட்டி டாக்டர் எழுதினது ரெண்டே வார்த்தை, செல்ஃப் ஃபால், அதாவது தானா விழுந்துட்டாருனு. உண்மையில பின்னாடி வந்த வேன் இடிச்சுதான் பைக்கோட விழுந்தாரு. ஆனா தூக்கிட்டு வந்த புண்ணியவான் இடிச்சத பாக்கல, பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்னு அவசரத்துல சொல்லிட்டாரு, டாக்டரும் அப்படியே எழுதிட்டாரு, நாங்க உடைஞ்ச கால பாத்து அழுதுட்டு நின்னோமே தவிர என்ன எழுதறாங்கனு ஒருத்தரும் கவனிக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு குறுக்கு விசாரணையில இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வேற எதையும் தொடல, அந்த ரெண்டு வார்த்தையவே திரும்பத் திரும்ப படிச்சாரு. வேனோட முன்பக்கம் இடது மூலையில புதுசா நசுங்கியிருக்குனு மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்ல இருந்ததால தப்பிச்சோம்.

அதனால முதல்ல இத சொல்லிடறேன், எந்த வண்டி இடிச்சுது, நம்பர் என்ன, எங்க, எத்தனை மணிக்கு, இதெல்லாம் ஏஆர்ல சரியா ஏறியிருக்கானு அன்னைக்கே கேளுங்க. தப்பா இருந்தா போலீஸ் வாக்குமூலம் வாங்க வரும்போது சரியா சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கும் எழுத்துல கொடுத்து காப்பி வெச்சுக்கோங்க. கிளைம் ட்ரிப்யூனல்ல, அதாவது விபத்து நஷ்டஈடு கேஸ விசாரிக்கற கோர்ட்ல, கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு கிடையாது, இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும். ஆனா அதக் காட்டவும் கையில பேப்பர் வேணும்ல.

அடுத்தது இடிச்ச வண்டிக்காரர் பேசற அந்த "ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன், கேஸ் எல்லாம் வேணாம்ணே" சமாதானம். முதல் ரெண்டு பில்லு கட்டுவாரு, அப்புறம் போன் எடுக்க மாட்டாரு, அதுக்குள்ள எஃப்ஐஆரும் இல்லாம போயிருக்கும். அவர் கஷ்டப்படுவாரேனு இரக்கப்படறவங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும், இன்சூரன்ஸ் இருக்கற வண்டினா பணம் கொடுக்கப்போறது பெரும்பாலும் கம்பெனிதான், தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டறதே இதுக்குத்தான்.

காலக்கெடு விஷயத்துல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 1994ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தி காலக்கெடுவையே எடுத்துட்டாங்க, அந்த பழைய ஞாபகத்துல மெதுவா போட்டுக்கலாம்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. 2019 திருத்தத்துல அது திரும்ப வந்துடுச்சு, 2022 ஏப்ரல் 1ல இருந்து விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனு போடணும், பிரிவு 166(3). இத எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க, ஆனா அத நம்பி உக்காராதீங்க. ட்ரீட்மென்ட் எல்லாம் முடியட்டும்னு காத்திருக்கறதுதான் பெரிய தப்பு, மனுவ போட்டுட்டு பில்லையும் ஊன சான்றிதழையும் பின்னாடி தாக்கல் பண்ணிக்கலாம். விபத்து எங்கயோ வெளியூர்ல நடந்தாலும் நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், அலைய வேண்டியதில்ல.

இடிச்ச வண்டி நிக்காம போயிட்டா ஒண்ணும் கிடைக்காதுனு விட்டுடறாங்க, அதுக்கும் தனி ஸ்கீம் இருக்கு, உயிர் போனா 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதே மாதிரி யார் மேல தப்புனு நிரூபிக்காமலே பிரிவு 164ல கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிர் போனா 5 லட்சம் கிடைக்கும். சீக்கிரம் பணம் வருதேனு அத வாங்கிட்டா பிரிவு 166 மனு செத்துப் போயிடும். கால் எடுத்தவரு, இடுப்புக்கு கீழ அசைவில்லாம போனவரு எல்லாம் யோசிக்காம இதுல கையெழுத்து போடவே கூடாது.

இப்ப வருமானமும் ஊனமும், பணம் நிக்கறதே இங்கதான். மெடிக்கல் போர்டு 30% ஊனம்னு கொடுத்தா வருமான இழப்பும் 30%தான்னு நம்மளே ஒத்துக்கறோம், அது அப்படி இல்ல. 2010ல ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, இடது கை போச்சுனா ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாத்தியமே மொத்தமா போயிடலாம், அதே ஊனம் உள்ள அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலையே போகாம இருக்கலாம். கணக்கு போட்டு பாருங்க, 38 வயசு, மாசம் 15,000, வருஷத்துக்கு 1,80,000, அந்த வயசுக்கு 2009 சரளா வர்மா தீர்ப்புப்படி பெருக்கற எண் 15, ஆக 27 லட்சம். இதுல 30% இழப்புனா 8,10,000, அதே ஆளு கொத்தனார், சாரத்துல ஏறவே முடியாது, இழப்பு 50%னு காட்டினா 13,50,000. அதனால சாட்சிக் கூண்டுல கால் வலிக்குதுனு மட்டும் சொல்லாதீங்க, என்ன வேலை செஞ்சீங்க, அதுல எந்த அசைவு இப்ப முடியலனு சொல்லணும், டாக்டரையும் அத சொல்ல வைக்கணும். சம்பள சீட்டு இல்லாதவங்க பாஸ்புக், போன்ல வந்த கூலி பண கணக்கு, நலவாரிய அட்டை எதுவா இருந்தாலும் சேத்து வைங்க, வேலை கொடுத்தவரு லெட்டர் கொடுத்தா மட்டும் பத்தாது, நேர்ல வந்தும் சொல்லணும். மெடிக்கல் பில்லு அன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க, அந்த வழவழ பேப்பர் ஆறு மாசத்துல வெள்ளையா ஆயிடும், எங்க சித்தப்பாவுக்கு பாதி பில்லு அப்படித்தான் போச்சு.

வார்டுக்கே வந்து நிக்கற புரோக்கர்கிட்ட வெத்து வக்காலத்துலயோ (நமக்காக வாதாட வக்கீலுக்கு அனுமதி கொடுக்கற பேப்பர்) வெள்ளைப் பேப்பர்லயோ கையெழுத்து போடாதீங்க. கிடைக்கற பணத்துல இத்தனை பர்சன்ட்னு வக்கீல் ஃபீஸ் பேசறதே பார் கவுன்சில் விதிப்படி தப்பு. வசதி இல்லாதவங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போனா இலவசமா வக்கீல் கிடைப்பாங்க, பெண்களுக்கு வருமான வரம்பு கூட கிடையாது.

கடைசியா லோக் அதாலத், ரெண்டு தரப்பும் பேசி சமரசமா முடிச்சுக்கற மக்கள் நீதிமன்றம். சீக்கிரம் முடியும், நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா அங்க ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அப்பீல் கிடையாது, அதோட முடிஞ்சுது. கால்ல வெச்ச பிளேட்ட எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்குனா அதுக்கு எவ்ளோ ஆகும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு, அந்தத் தொகையையும் சேத்துப் பேசிட்டு அப்புறம் பேனாவ எடுங்க.