தூரம் பாய்ச்சும் சிறிய டார்ச்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்து, கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. மின்சாரம் இல்லாத அப்படியோர் இரவில், எதிர்க்கரையில் அசைவது ஆளா மாடா, வெள்ளம் எந்த மரத்தின் அடிவரை ஏறியிருக்கிறது, அறுந்த மின்கம்பி எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் நின்ற இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். செல்போன் விளக்கு அதற்கு உதவாது. தூரத்துக்கு ஒளி பாய்ச்சும் டார்ச் வேண்டும். அதுவும் சட்டைப்பையில் அடங்குவதாக இருந்தால்தான் நெருக்கடி நேரத்தில் கையில் இருக்கும்.

‘டாக்டிகல்’ என்ற பெயரில் விற்கப்படும் உறுதியான கையடக்க டார்ச்சுகள் இப்போது கடைகளிலும் இணையத்திலும் குவிந்து கிடக்கின்றன. நல்லவையும் உண்டு, வெறும் எண்களை விற்பவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஆயிரம் ரூபாய்க் கருவி எதுவும் தேவையில்லை. அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை லூமென்?” என்றுதான். முதல் தவறும் இதுதான். லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி எந்தப் பக்கம் போகிறது என்பதை அது சொல்லாது. ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. தூரத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேண்டெலாதான். இரண்டு டார்ச்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் 1,000 லூமென். ஒன்றின் ஒளி அகலமாக விரிகிறது. அதன் மையத்தில் 5,000 கேண்டெலா மட்டுமே இருக்கிறது. அது எட்டும் தூரம் சுமார் 140 மீட்டர். இன்னொன்று ஒளியைக் குவித்து 40,000 கேண்டெலா தருகிறது. அது 400 மீட்டர் எட்டும். லூமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்த இரண்டும் ஒரே சரக்காகத் தெரியும்.

இதற்கான கணக்கு எளியது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தைக் கண்டு, இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் கிடைக்கும். 40,000-இன் வர்க்கமூலம் 200. இரண்டால் பெருக்கினால் 400. இதையே திருப்பிப் போட்டால் பொய்யைப் பிடிக்கலாம். விரல் நீளமே உள்ள ஒரு டார்ச்சின் பெட்டியில் “1,500 மீட்டர்” என்று போட்டிருந்தால், அதற்கு 5,62,500 கேண்டெலா வேண்டும். ஓர் அங்குல விட்டமுள்ள தலையிலிருந்து சாதாரண எல்இடி அவ்வளவு செறிவைத் தராது. ஒளியைக் குவிப்பது ரிஃப்ளெக்டர் எனும் உட்குழிந்த பிரதிபலிப்பானின் அகலமும், எல்இடியின் ஒளிரும் பரப்பு எவ்வளவு சிறியது என்பதும்தான். அதனால்தான் லூமெனை அள்ளிக் கொட்டும் க்ரீ எக்ஸ்எச்பி70 போன்ற பெரிய எல்இடி சிறிய தலைக்குள் இருந்தால் தூரம் போகாது. அதைவிடக் குறைந்த லூமென் தரும், பரப்பு சிறிய ஆஸ்ராம் நிறுவன எல்இடி அதே தலையில் வெகுதூரம் பாயும். லேசரால் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளை ஒளிரவைக்கும் எல்இபி என்ற வகை இந்த எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் அதன் கற்றை கம்பிபோல் மெலிந்தது, விலையும் அதிகம். வீட்டுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே டார்ச் தேடுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, பெட்டியில் போட்டிருக்கும் 400 மீட்டர் உண்மையாகவே இருக்கட்டும். 400 மீட்டரில் நிற்கும் ஆளை அடையாளம் காண முடியுமா? முடியாது. அமெரிக்கத் தர அமைப்பின்கீழ் 2009-இல் வெளிவந்து, 2019-இல் திருத்தப்பட்ட எஃப்எல்1 என்ற தரநிலையைத்தான் உலகெங்கும் பல டார்ச் தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அந்தத் தரநிலைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடமே “எட்டும் தூரம்”. 0.25 லக்ஸ் என்பது ஏறத்தாழ மேகமில்லாத பௌர்ணமி இரவின் நிலவொளி. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அந்த நிலவொளி போதும். 400 மீட்டருக்கு அப்பால் இருப்பதை அந்த வெளிச்சத்தில் பிரித்தறிய எந்தக் கண்ணாலும் முடியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஆகவே அதே டார்ச் 200 மீட்டரில் 1 லக்ஸும், 100 மீட்டரில் 4 லக்ஸும் தருகிறது. எனவே பெட்டியில் உள்ள தூரத்தில் பாதியை மேல்வரம்பாகவும், மூன்றில் ஒரு பங்கை நம்பகமான தூரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது தோப்பின் மறுகோடிவரை 120 மீட்டர் என்றால், 350 முதல் 400 மீட்டர் வரை போட்டிருக்கும் டார்ச் சரியானது. 350-க்கும் 400-க்கும் இடையிலான வேறுபாட்டைக் கண் அதிகம் உணராது. அந்த ஐம்பது மீட்டருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

அதிகம் பேர் ஏமாறுவது நேரக் கணக்கில்தான். “2,000 லூமென், 2 மணி 30 நிமிடம்” என்று படித்தவுடன், இரண்டரை மணி நேரமும் 2,000 லூமென் எரியும் என்று நினைக்கிறோம். தரநிலை சொல்வது வேறு: டார்ச்சைப் போட்டு 30 விநாடி கழித்து இருக்கும் ஒளி, பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் நேரமே அது. முடிவில் இருப்பது 200 லூமென். நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பெட்டி சொல்லாது. டர்போ என்ற உச்ச நிலையில் சிறிய டார்ச் சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும். உள்ளே இருக்கும் மின்சுற்று தன்னைக் காத்துக்கொள்ள ஒளியைக் குறைக்கும். அது கோளாறில்லை, குறைக்காவிட்டால்தான் எல்இடியும் பேட்டரியும் கெடும், கையும் சுடும். உடல் சிறியதாக ஆக, சூடு வெளியேறும் பரப்பும் குறைவதால், கையடக்க டார்ச்சில் இது தவிர்க்க முடியாதது. கத்திரி வெயில் நாளின் இரவில் இன்னும் சீக்கிரமாகவே நடக்கும்.

மேலே பார்த்த கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒளி 2,000 லூமெனிலிருந்து 500-க்கு இறங்கினால் கேண்டெலாவும் நான்கில் ஒரு பங்காகிறது, தூரம் பாதியாகிறது. 400 மீட்டர் டார்ச் ஐந்தாம் நிமிடத்தில் 200 மீட்டர் டார்ச். அதில் நம்பகமான தூரம் எழுபது மீட்டருக்கும் கீழே. அதனால் டர்போவின் எண்ணை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த நிலையைப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது குறையாமல் நிற்கக்கூடிய நிலை எது, அந்த நிலையில் கேண்டெலா எவ்வளவு? நேர்மையான தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நிலைக்கும் லூமென், கேண்டெலா, நேரம் மூன்றையும் அட்டவணையாகத் தருகிறார்கள். ஒளி எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தையும் சிலர் தருகிறார்கள். அந்த அட்டவணையே இல்லாத டார்ச்சை நான் தொடமாட்டேன்.

பேட்டரியில் நடக்கும் ஏமாற்று இன்னும் வெளிப்படையானது. 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் செல். அந்த அளவுக்குள் இன்று நல்ல நிறுவனங்கள் அடைக்கும் மின் கொள்ளளவு 3,500 மில்லியாம்பியர்-மணிக்குச் சற்று முன்னும் பின்னும்தான். 9,900 என்று அச்சிட்ட செல் பொய் சொல்கிறது, சந்தேகமே வேண்டாம். மளிகைக் கடைத் தராசு கிடைத்தால் எடை போட்டுப் பாருங்கள். உண்மையான 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும்; 30 கிராமுக்கு நின்றால் உள்ளே சரக்கில்லை. 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 21700 செல்லில் 5,000 என்பது நம்பத்தக்க எண். டார்ச் சற்றுத் தடித்தாலும் பரவாயில்லை, புயல் நாளுக்கு நான் 21700-ஐயே தேர்ந்தெடுப்பேன்.

செல்லைக் கழற்ற முடியாதபடி மூடிய டார்ச்சுகளும் வருகின்றன. தினசரிப் பயன்பாட்டுக்கு அவை வசதி. ஆனால் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. அப்படிப்பட்ட நாள்களில், சார்ஜ் ஏற்றிய இன்னொரு செல்லைப் போட்டு உடனே எரியவைக்க முடிவது பெரிய பலம். டைப்-சி துளை இருந்தால், இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளால் சார்ஜ் ஏறுகிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். மலிவான பல டார்ச்சுகள் பழைய வகை கேபிளில் மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும். செல்லில் இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 16046 குறி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

தூரத்தை மட்டுமே துரத்துவதும் தவறுதான். மிகக் குறுகிய கற்றை 300 மீட்டரில் உள்ள பனையைக் காட்டும். காலடியில் இருப்பதைக் காட்டாது. சவுக்குத் தோப்பின் சருகில் கண்ணாடிவிரியன் கிடந்தால், சருகுக்கும் பாம்புக்கும் நிறத்தில் அதிக வேறுபாடு இருக்காது. மையக் கற்றையைச் சுற்றிப் படரும் மங்கலான ஒளிவட்டம் போதுமான அகலத்தில் இருக்க வேண்டும். நிறங்களைச் சரியாகக் காட்டவும் வேண்டும். ஒளியின் நிறச்சாயலைக் கெல்வினில் குறிப்பார்கள். நீலம் பாய்ந்த 6,500 கெல்வின் ஒளியைவிட 5,000 கெல்வினோ அதற்குக் கீழோ உள்ள ஒளி, மண்ணையும் சருகையும் பிரித்துக் காட்டுவதில் மேல். மார்கழிப் பனியிலும் கடல் சாரலிலும் இன்னொரு சிக்கல் வரும்: காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பிக் கண்ணிலேயே அடிக்கும். அப்போது டர்போவைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஒளியைக் குறைத்து, டார்ச்சை முகத்தருகே பிடிக்காமல் இடுப்பளவில் பிடித்தால் அந்தச் சுவர் கொஞ்சம் விலகி, முன்னால் இருப்பது தெரியும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தவறு உண்டு. நீர் புகாது என்பதைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்8 முத்திரையைப் பார்த்துவிட்டு உப்புக்கும் தாங்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. நீர் உள்ளே புகுகிறதா என்று மட்டுமே பார்ப்பது. உப்பு வேறு வழியில் வேலை செய்யும். அலுமினிய உடலின் மேற்பூச்சு கீறிய இடத்தில் வெள்ளையாகப் பூக்கும். எஃகுக் கிளிப் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் அரிப்பு வேகம் எடுக்கும். மரையில் உப்பு சேர்ந்தால் மூடி இறுகிக்கொள்ளும். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ படகுக்கு எடுத்துச் செல்பவர்கள், கரை வந்ததும் மூடியைத் திறக்காமலேயே நன்னீரில் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு மரையிலும் ரப்பர் வளையத்திலும் சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். தலையை முன்னும் பின்னும் இழுத்து ஃபோகஸ் செய்யும் வகை, இழுக்கும்போதெல்லாம் ஈரக்காற்றை உள்ளே உறிஞ்சும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஸ்விட்ச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈரக் கையோடு, கண்ணால் பார்க்காமல், முதல் அழுத்தத்திலேயே உங்களுக்கு வேண்டிய ஒளி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணைக் கூசவைக்கும் துடிப்பு ஒளியைக் கடந்துதான் சாதாரண ஒளிக்கு வர முடிகிறது என்றால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பையில் தவறுதலாக எரியாதபடி பூட்டும் வசதி கட்டாயம் தேவை. டர்போவில் எரியும் டார்ச் துணியைக் கருக்கிவிடும். தலையில் பல் பல்லாக வெட்டியிருக்கும் வளையம் சட்டையைக் கிழிப்பதற்குத்தான் அதிகம் உதவுகிறது.

கடைசியாக, சோதிக்கும் இடம். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் அடித்துப் பார்ப்பதால் கற்றையின் வடிவம் மட்டும் தெரியும். புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் சோதிக்க முடியாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் கண் இருளுக்குப் பழகவே பழகாது. இருளுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். பாகூர் ஏரிக்கரை போன்ற திறந்தவெளிக்குத் துணையோடு செல்லுங்கள். செல்போன் வரைபடத்தில் தூரத்தை அளந்து, ஒரு மரத்தடியைக் குறிவையுங்கள். நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையைக் குறிவைக்காதீர்கள்: அதன் பூச்சு ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், மட்டமான டார்ச்சிலும் அது பளிச்சென்று மின்னும். கறுப்புச் சட்டை போட்ட நண்பரை 100, 150 மீட்டரில் நிற்கச் சொல்லி, அவர் கை தூக்குவது தெரிகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. முகத்தில் அடிக்காமல் மார்புக்குக் கீழே அடியுங்கள். டார்ச்சைப் போட்ட உடனே ஒருமுறையும், பத்து நிமிடம் தொடர்ந்து எரியவிட்ட பிறகு இன்னொரு முறையும் பாருங்கள். எண்ணாகவே வேண்டுமென்றால், லக்ஸ் மீட்டரைப் பத்து மீட்டரில் வைத்து அளந்து 100-ஆல் பெருக்குங்கள், அதுவே கேண்டெலா. செல்போன் செயலிகள் துல்லியமானவை அல்ல, இரண்டு டார்ச்சுகளை ஒப்பிட மட்டும் உதவும்.

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை இந்தச் சோதனையைக் கடற்கரையில் செய்யாதீர்கள். பங்குனி ஆமைகள் கடலூர், புதுச்சேரி கடற்கரைகளில் முட்டையிட வரும் காலம் அது. கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடலாம். பொரித்து வரும் குஞ்சுகள் செயற்கை ஒளியை நோக்கிக் கடலுக்கு எதிர்த்திசையில் ஊர்ந்து போகும்.