தாயின் பெயருக்கு முன் இருந்த ஓர் எழுத்து

வேலூர் அருகே மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து மனைவி முன்னதாகவே முல்லைத்தீவுக்குத் திரும்பிவிட, மகளுக்காக நான் கொடுத்த இலங்கைக் குடியுரிமை விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்தது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்தால்தான் அங்கே குடியுரிமை கிடைக்கும். நோட்டரி உறுதிமொழிப் பத்திரமும் முகாம் அட்டையின் நகலும் இணைத்துப் பார்த்தேன்; பயனில்லை. பிறகுதான் கவனித்தேன்: மகளின் பிறப்புச் சான்றிதழில் மனைவியின் பெயருக்கு முன், இங்குள்ள வழக்கப்படி, என் பெயரின் முதலெழுத்து இருந்தது; அவருடைய இலங்கை அடையாள அட்டையிலோ அவர் தந்தையின் பெயர் முழுமையாக இருந்தது. தாளை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் வெவ்வேறு பெண்கள். திருமணச் சான்றிதழுடன் பிறப்புப் பதிவாளரிடம் மனு கொடுத்து, தாயின் பெயரை அட்டையில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து திருத்தி வாங்கினேன். மூன்றாம் முறை விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அன்றிரவுதான் நிம்மதியாக உறங்கினேன்.