மார்ச்சில் அடைத்த தோட்டா ஜூலையில் முரண்டு பிடிப்பது ஏன்?

ரைஃபிள் தோட்டாவை வீட்டில் தாங்களே அடைப்பவர்கள் வெடிமருந்தை ஒரு கிரெயினில் (மிகச் சிறிய எடை அலகு) பத்தில் ஒரு பங்குவரை நிறுத்துப் போடுவார்கள். குண்டின் எடை, மருந்தை அடைக்கும் பித்தளைக் கூடான கேஸின் நீளம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வகை எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அன்றைக்கு வெயில் எவ்வளவு என்பது மட்டும் ஏறாது. (சட்டம் அனுமதிக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளின் சமாச்சாரம் இது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

இன்றைய புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. சில வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேரும். பிரைமர் பற்றும் நேரத்தில் மருந்து ஏற்கெனவே சூடாக இருந்தால் அது இன்னும் விரைவாக எரியும். குண்டு முன்னால் நகர்ந்து இடம் விடுவதற்குள் வாயு திரண்டுவிடுவதால் அழுத்தத்தின் உச்சம் ஏறும், கூடவே குண்டின் வேகமும் ஏறும். குளிரில் எல்லாம் தலைகீழ்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் குளிரில் ஒழுங்காக வேலை செய்த கார்டைட் (அந்தக் காலத்துப் புகையில்லா மருந்து) தோட்டாக்கள், ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வெயிலில் காய்ந்த பிறகு அழுத்தம் எகிறி, வெற்று கேஸ் துப்பாக்கியை விட்டு வெளியே வராமல் சிக்கிக்கொண்டன. எதிரே யானை நிற்கும்போது கேஸ் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்கள் தனியாக விற்பனைக்கு வந்தன. 1911இல் வந்த .416 ரிக்பி தோட்டாவுக்கு அவ்வளவு பெரிய கேஸ் இருப்பதற்கும் இதுவே காரணம்: இடம் தாராளமாக இருந்தால் வெயிலிலும் அழுத்தம் அடங்கி இருக்கும். (நம் நீலகிரியின் அருவங்காட்டில் நூறாண்டைத் தாண்டி நிற்கும் தொழிற்சாலைக்குப் பெயரே கார்டைட் ஃபேக்டரிதான்.)

இன்றும் மிகப் பெரிய தவறு இதே வகைதான்: குளிர்ந்த நாளில் மருந்தை உச்ச அளவுவரை ஏற்றிப் பார்த்துவிட்டு, அதே அளவைக் கோடைக்கும் எடுத்துப் போவது. அரிசோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதக் காலையில் ஃபிளாக்ஸ்டாஃப் மலையில் 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 4 செல்சியஸ். ஜூலையில் ஃபீனிக்ஸில் 110, அதாவது 43. வித்தியாசம் 70 டிகிரி. வெப்பத்துக்கு ஆடும் (வெப்பம் மாறினால் வேகமும் மாறும்) மருந்து ஒரு டிகிரிக்கு நொடிக்கு ஓர் அடி வேகம் கூட்டினாலே மொத்தம் 70 அடி வந்துவிடும். மலையில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) சுலபமாகத் திறந்ததை வைத்து 'இன்னும் கொஞ்சம் போடலாம்' என்று முடிவு செய்தவர், ஃபீனிக்ஸில் போல்ட்டைக் கையால் தட்டித் திறக்க வேண்டியிருக்கும்.

.308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரம் வைத்திருக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தரத்தின்படி அழுத்தச் சோதனையில் தோட்டாவை வைத்திருக்கும் வெப்பநிலை சுமார் 70 டிகிரி, அதாவது 21 செல்சியஸ். தோட்டா அடைப்பவர்களுக்கான கையேட்டின் உச்ச அளவையும் அப்படியே பார்க்க வேண்டும். அது 43 செல்சியஸுக்குத் தரும் உத்தரவாதம் இல்லை. 'அழுத்தத்தின் அடையாளம் எதுவும் தெரியலையே' என்பதும் நல்ல வாதம் இல்லை. தட்டையான பிரைமர், கேஸின் அடியில் எஜெக்டர் (வெற்று கேஸை வெளியே தள்ளும் பாகம்) பதிந்த பளபளப்பு, இறுகும் போல்ட் எல்லாம் எல்லை தாண்டிய பிறகே பெரும்பாலும் தலைகாட்டும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் அதற்கு முன்பே சொல்லிவிடும். கையேடு சொன்ன வேகத்தைத் தாண்டிப் போகிறதென்றால் அழுத்தமும் தாண்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, காற்றின் வெப்பத்தைப் பார்த்துவிட்டு மருந்தின் வெப்பத்தை மறப்பது. நிழலில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் நாளில், வெயிலில் கிடக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் தோட்டா அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். கார் டாஷ்போர்டு இன்னும் மோசம். இதைவிடக் கண்ணில் படாத இடம், துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் சேம்பர். பத்துப் பதினைந்து ரவுண்டு விறுவிறுவென்று சுட்டுவிட்டு, அடுத்ததை உள்ளே தள்ளி போல்ட்டை மூடிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருக்கிறோம். அந்த இரண்டு நிமிடமும் சூடான எஃகு பித்தளை கேஸை அணைத்தபடி மருந்தைச் சூடாக்குகிறது. அந்த ஒரு குண்டு மட்டும் மேலே போய் விழும். பழி சுடுபவரின் கை மேல் விழும். பேரல் சூடாக இருந்தால், சுடத் தயாரான பிறகு தோட்டாவை உள்ளே தள்ளுங்கள். குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலிகள் பலவற்றில் காற்றின் வெப்பத்துக்கு ஒரு கட்டம், மருந்தின் வெப்பத்துக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருப்பது சும்மா இல்லை.

டப்பாவின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசை (வார்கெட், எச்4350, எச்1000 போன்றவை) ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகிறது. வெப்பத்துக்கு அதிகம் ஆடாது என்று பெயர் வாங்கியது, பெயருக்கு ஏற்றபடியும் இருக்கிறது. ஆனால் அதிகம் ஆடாது என்றால் ஆடவே ஆடாது என்று பொருள் இல்லை. .308இல் அசையாமல் நிற்கும் மருந்து .223இல் வேறு மாதிரி நடக்கலாம். எச்4350 கடையில் கிடைக்காத காலங்களில், பெயரில் எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஐ.எம்.ஆர். 4350ஐ அதே எடைக்குப் போடுபவர்களும் உண்டு. அது வேறு மருந்து. கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும்.

எச்335, வின்செஸ்டர் 748 போன்ற உருண்டை மருந்துகள் அளக்கும் கருவியில் தண்ணீர் போல வழுக்கி இறங்கும். வெப்பத்துக்கு இவற்றில் பல அதிகமாகவே ஆடும். அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். ஒரே பருவத்தில் 200 கஜத்துக்குள் சுடுபவர் எக்ஸ்ட்ரீம் டப்பாவைத் தேடிக் கடை கடையாக அலைவது வீண் வேலை என்பதே என் கருத்து.

குளிர்ப் பக்கத்தில் ஆபத்து குறைவு, ஏமாற்றம் அதிகம். மொன்டானாவில் நவம்பர் எல்க் மான் வேட்டைக்குப் போகும்போது வேகம் நொடிக்கு 60 அடி குறைந்திருந்தால், .308 குண்டு 300 கஜத்தில் ஓர் அங்குலம்தான் கூடுதலாக இறங்கும், பெரிதில்லை. 600 கஜத்தில் அது நாலைந்து அங்குலம், 1000 கஜத்தில் ஒன்றரை அடிக்கு மேல். உருண்டை மருந்து கடுங்குளிரில் பற்றச் சுணங்குவதால் இன்னும் வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமர் போடுகிறார்கள். சரிதான், ஆனால் பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். மருந்தைக் குறைத்துத் திரும்ப ஏற்றிப் பார்க்காமல் மாற்றக் கூடாது.

சோதிக்க நினைப்பவர்கள் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) மருந்தில், உச்சத்துக்கு நன்றாகக் கீழே, ஒரே அளவில் தோட்டா அடைத்து, பாதியை ஐஸ் பெட்டியிலும் பாதியை வெயில் நேரத்து நிழலிலும் இரண்டு மணி நேரம் வையுங்கள். இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். அடுப்பு, ஹீட்டர் பக்கம் தோட்டாவைக் கொண்டுபோகவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் பேரலை ஆறவிட்டு, உள்ளே தள்ளிய சில நொடிகளில் சுட வேண்டும். மூன்று மூன்று குண்டுகளை வைத்து மருந்துக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், குறைந்தது பத்து குண்டாவது வேண்டும்.

அப்புறம், ஈரப்பதம். வறண்ட ஊரில் மூடி திறந்தபடி கிடந்த மருந்து உலர்ந்து, வேகமாக எரியத் தொடங்கும். அளக்கும் கருவியின் ஹாப்பரில் மிஞ்சியதை அன்றிரவே டப்பாவில் கொட்டி இறுக மூடுங்கள். எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று லேசான சந்தேகம் இருந்தாலும் எதிலும் கொட்ட வேண்டாம். அந்த மருந்தை இனி எந்தத் தோட்டாவிலும் போடவும் கூடாது.