ஆண் வாத்துகளை முதலில் எண்ணுங்கள்: வீட்டு வாத்துக் கூட்டத்தில் சண்டையைக் கட்டுப்படுத்தும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர் வட்டத்தின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற எல்லையோர ஊர்களில், தென்னந்தோப்பை ஒட்டிய வீடுகள் பலவற்றில் ஐந்தாறு முதல் பத்துப் பதினைந்து வாத்துகள் வரை வளர்க்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களில் மேய்ப்பதற்காகக் குட்டநாட்டுப் பக்கமிருந்து வரும் வாத்துக்காரர்களிடம் சிலர் வளர்ந்த பறவைகளை வாங்குகிறார்கள்; சிலர் குஞ்சுகளாக வாங்கி வளர்க்கிறார்கள். நான்கைந்து மாதம் ஆனதும் இரு தரப்பினரிடமும் ஒரே முறையீடு எழுகிறது: பெட்டையின் பிடரியில் இறகு இல்லை, ஒன்று நொண்டுகிறது, இன்னொன்று தீவனத்தின் அருகே எதையும் அண்டவிடுவதில்லை. இதை வாத்தின் கெட்ட குணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆண்களின் எண்ணிக்கை, தண்ணீர், இடம் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகும் அடங்காத வாத்து மிக அரிது என்பதே என் கருத்து. அவற்றிலும் ஆண்களின் எண்ணிக்கைதான் பெரும்பாலான வீடுகளில் முதல் காரணம்.

எல்லாச் சண்டையும் சண்டை அல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆண் வாத்துகள் தலையை மேலும் கீழும் ஆட்டுவதும், ஒன்றன் மார்பை ஒன்று தள்ளிக்கொண்டு சற்று நேரம் சுற்றுவதும், பெட்டை தன் துணையின் பின்னால் நடந்தபடியே தோளுக்கு மேல் தலையைத் திருப்பி வேறொரு வாத்தை மிரட்டுவதும் இயல்பானவை. கூட்டத்தில் யார் முந்தி, யார் பிந்தி என்பது இவ்வாறுதான் தீர்மானமாகிறது. இவற்றில் தலையிட வேண்டியதில்லை. அடை உட்கார்ந்த பெட்டை இறகைச் சிலிர்த்துச் சீறுவதையும் விட்டுவிடலாம். இரத்தம் வந்தாலோ, பிடரித் தோல் வெளியே தெரிந்தாலோ, ஒரு வாத்து கூட்டத்தை விட்டு விலகி மூலையிலேயே நின்றாலோ, தண்ணீருக்குள் இறங்க அஞ்சினாலோ, அன்றே செயல்பட வேண்டும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். குஞ்சுகளை ஆண், பெண் பிரிக்காமல் வாங்கினால் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் இருக்கும். வாத்துக்காரர்களும் முட்டையிடும் பெட்டைகளைத் தாமே வைத்துக்கொண்டு மிகுதியான ஆண்களையே மலிவாகக் கொடுக்க விரும்புவார்கள். அது அவர்களுடைய தொழில், குறை சொல்வதற்கில்லை. குட்டநாட்டு இனங்களான சாரா, செம்பல்லி ஆகியவற்றிலும் காக்கி கேம்பெல்லிலும் வளர்ந்த ஆணின் வால் மேலுள்ள சில இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். ஆனால் இறகு உதிர்க்கும் காலத்தில் அந்தச் சுருள் விழுந்துவிடும் என்பதால் குரலை நம்புவதே மேல்: உரக்கக் கத்துவது பெட்டை, தொண்டை கட்டியது போல மெல்லக் கரகரப்பது ஆண். இரண்டு மாதத்தைத் தாண்டிய வாத்தைப் பக்குவமாகத் தூக்கினால் அது கொடுக்கும் குரலிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஓர் ஆணுக்குக் குறைந்தது நான்கு பெட்டைகள் வேண்டும். ஐந்தாறு இருந்தால் இன்னும் நல்லது. ஆறு பெட்டைகள் உள்ள வீட்டில் இரண்டாவது ஆணுக்கு இடமில்லை. குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லையென்றால் ஆணே தேவையில்லை. ஆண் இல்லாமலும் பெட்டைகள் வழக்கம் போல முட்டையிடும். ஒரே பெட்டையை இரண்டு மூன்று ஆண்கள் மாறி மாறி மிதிக்கும்போது, அதாவது இணைசேர முதுகில் ஏறும்போது, பிடரி புண்ணாவதும், கண்ணருகே காயம்படுவதும், இடுப்பு நொடிப்பதும் நேர்கின்றன. தண்ணீருக்குள் அவை அதனை அழுத்திப் பிடித்தால் மூழ்கிச் சாவதும் உண்டு.

மிகுதியான ஆண்களை என்ன செய்வது? கறிக்கு விற்பதே பெரும்பாலோர் செய்வது. பாலக்காட்டுப் பக்கம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களை ஒட்டி வாத்துக் கறிக்கு நல்ல கேட்பு இருப்பதால், ஆடி மாதக் குஞ்சுகளில் மிகுந்த ஆண்களை மார்கழிக்கு முன் கழிப்பது கணக்குக்கும் ஒத்துவரும். விற்க மனமில்லாதவர்கள் ஆண்களை மட்டும் தனி அடைப்பில் வைக்கலாம். பெட்டைகள் கண்ணில் படாத இடமாக அது இருந்தால், தமக்குள் போரிட்ட ஆண்களும் பெரும்பாலும் அமைதியாகிவிடும். கீற்று வைத்து மறைத்த வேலியே இதற்குப் போதும்.

கோழிகளையும் வாத்துகளையும் ஒரே கூட்டில் அடைக்கும் வீடுகளுக்கு ஒரு கண்டிப்பான சொல் தேவைப்படுகிறது. சேவலுக்கு இல்லாத புணர்ச்சி உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. பெட்டை போதாத ஆண் வாத்து கோழியை மிதிக்க முயன்றால் கோழிக்கு உள்காயம் ஏற்பட்டு அது இறந்துபோகக்கூடும். ஆண் வாத்தும் பெட்டைக் கோழியும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது. முகத்தில் சிவந்த சதை முண்டுகள் உள்ள மஸ்கோவி இனத்திலும் எச்சரிக்கை வேண்டும். அதன் ஆண் பெட்டையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எடை கொண்டது, நகமும் கூரியது. சிறிய நாட்டு வாத்துகளோடு அதனை அடைப்பது பெட்டைகளுக்குக் கொடுமை. அந்தக் கலப்பில் பிறக்கும் குஞ்சுகளும் மலடாகவே இருக்கும்.

ஆண்களைக் குறைத்த பிறகும் பிடுங்கல் தொடர்ந்தால் தண்ணீரைப் பாருங்கள். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் கோடையில் குடிநீருக்கே திண்டாட்டமாக இருக்கும்போது வாத்துக்குக் குளம் வெட்டச் சொல்வது பொருத்தமில்லை. கொட்டகையை ஒட்டி ஒன்றரை அடி அகலமும் அரை அடி ஆழமும் உள்ள வாய்க்கால் போதும். அதுவும் முடியாவிட்டால் தலையை முழுவதும் முக்கி எடுக்கும் அளவுள்ள தொட்டிகள் இரண்டு வைக்கலாம், கழிக்கும் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம். முக்கிக் குளிக்க முடியாத வாத்து தன் இறகைக் கோத முடியாமல் அடுத்ததன் இறகைப் பிடுங்கத் தொடங்கும். சிமெண்டுத் தொட்டி ஆழமாக இருந்தால், துரத்தப்படும் பெட்டை ஏறித் தப்புவதற்கு உள்ளே கற்களைப் படியாக அடுக்கி வையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, இரவுக் கொட்டகையில் ஒரு வாத்துக்கு மூன்று முதல் நான்கு சதுர அடியும், பகலில் வெளியே பத்து முதல் பதினைந்து சதுர அடியும் வேண்டும். தீவனத்தை ஒரே தட்டில் வைத்தால் வலியது மட்டும் தின்னும். ஒன்றையொன்று எட்டாத தொலைவில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். வெறும் தவிடும் நொய்யும் தின்னும் வாத்துகளுக்குப் புரதம் போதாது. புரதக் குறைவும் இறகு பிடுங்கலுக்கு ஒரு காரணம். முட்டையிடும் பருவத்தில் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். நத்தை, மீன் கழிவு, அசோலா என்னும் நீர்த்தாவரம் ஆகியவை கைக்கு எட்டிய துணை. கடலைப் புண்ணாக்கைச் சேர்ப்பவர்கள் அதில் சிறிதளவு பூஞ்சை தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டும், ஏனெனில் பூஞ்சை நஞ்சுக்கு வாத்து கோழியை விட விரைவில் பலியாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே வாத்து அடங்காமல் இருந்தால், அடிபடுவதை அல்ல, அடிப்பதைத் தனியே பிரியுங்கள். நான்கைந்து நாள் கழித்துத் திரும்பவிட்டால், இடைப்பட்ட நாளில் கூட்டத்தின் வரிசை மாறியிருப்பதால் அது பெரும்பாலும் தணிந்தே நடக்கும். அடிபட்டதைத் தனியே வைத்தால் திரும்பும்போது அதுவே புதியதாகிவிடுகிறது. காயத்துக்காகப் பிரிக்க நேர்ந்தால் துணைக்கு இன்னொரு சாதுவான பெட்டையையும் சேர்த்தே வையுங்கள்.

மனிதரைக் கடிக்க வரும் வாத்து பெரும்பாலும் தனியாகவும் செல்லமாகவும் கையில் வளர்ந்த ஆணாக இருக்கும். அது மனிதரைத் தன் இனமாக எண்ணிவிட்டது. கையால் தீவனம் ஊட்டுவதை நிறுத்துங்கள். பாய்ந்து வரும்போது ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். நிதானமாக அதனை நோக்கியே நடந்து விலகச் செய்யுங்கள். விலகாவிட்டால் முதுகில் கையை வைத்து, அது அமைதியாகும் வரை மெதுவாகத் தரையோடு அமர்த்துங்கள். காலைப் பிடித்துத் தூக்கினால் கால் எளிதில் ஒடிந்துவிடும் என்பதால் இறக்கைகளை உடலோடு அணைத்து, அடிவயிற்றைத் தாங்கியே தூக்க வேண்டும். சிறு பிள்ளைகள் அடைப்புக்குள் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயத்தை உப்பு நீரில் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். மழைக்காலத்தில் ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் இறகை விலக்கிப் பார்ப்பது அவசியம். கண்ணில் காயம், ஆணின் உறுப்பு உள்ளே திரும்பாமல் தொங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது ஆகிய மூன்றுக்கும் வீட்டு மருந்து பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். கழுத்து முறுக்கம் சண்டையால் மட்டும் வருவதில்லை. 2014-இல் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளைக் கொன்ற பறவைக் காய்ச்சலிலும் அத்தகைய நரம்பு அறிகுறிகள் தோன்றக்கூடும்.

அதனால்தான் புதிய வாத்துகளை வாங்கிய அன்றே கூட்டத்தில் விடக் கூடாது. இரண்டு, மூன்று வாரம் தொலைவில் தனியே வைத்து நோயில்லை என்று உறுதியான பிறகு, கம்பி வலைக்கு இரு புறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு வாரம் வளருங்கள். பிறகு ஒன்றை மட்டும் விடாமல் இரண்டு, மூன்றாக, பழையவற்றுக்கும் பழக்கமில்லாத ஓர் இடத்தில், மேய்ச்சல் நேரத்தில் ஒன்றாக விடுங்கள். முதல் சில இரவுகள் தனித்தனியாகவே அடையுங்கள். ஒன்றாக அடைத்த பிறகும் விடியற்காலையில் கொட்டகையைத் திறந்து பிடரிகளைப் பாருங்கள், ஏனெனில் இருளில் நடந்த பிடுங்கல் அப்போதுதான் தெரியும்.